தமிழில் ஒரு நோட்டீஸ், ஒரு பலகை, ஒரு வலைப்பக்கம்: வடிவமைப்பு பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் டி.டி.பி. வேலையில், அதாவது கணினியில் அச்சுப்பக்கம் அமைப்பதில், ஆரம்பித்தவன். பத்திரிகை, பிட் நோட்டீஸ், கடைப் பலகை என்று போய் இப்போது வலைப்பக்கங்களும் செய்கிறேன். சங்கத்துக்கு நோட்டீஸ் போடுபவர்கள், பள்ளி ஆண்டு மலர் தயாரிக்கும் ஆசிரியர்கள், புதிதாகக் கடை திறப்பவர்கள் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்பவற்றை இங்கே தொகுத்திருக்கிறேன். டிசைனர்களுக்காக எழுதியதல்ல, கையில் ஒரு கணினி இருக்கும் எல்லாருக்குமானது.

வடிவமைப்பு என்றால் அழகுபடுத்துவதுதானே?

அழகு அப்புறம். படிப்பவர் எதைத் தேடி வந்தாரோ அது அவர் கண்ணில் முதலில் பட வேண்டும், அவ்வளவுதான் முதல் வேலை. எங்கள் அடுக்குமாடியில் ஒருமுறை மின்தூக்கிக்குப் பக்கத்தில் நோட்டீஸ் ஒட்டினார்கள். "மதிப்பிற்குரிய குடியிருப்போர் அனைவருக்கும் பணிவான வணக்கம்" என்பது கொட்டை எழுத்தில், பூ பார்டருடன். தொட்டி கழுவுவதால் புதன்கிழமை தண்ணீர் வராது என்பது ஐந்தாவது வரியில், பொடி எழுத்தில். புதன் காலை ஒன்பது மணிக்கு வாட்ச்மேனிடம் எத்தனை பேர் சண்டைக்குப் போனார்கள் என்று சொல்ல வேண்டியதில்லை. நோட்டீஸில் எல்லாம் இருந்தது. வரிசைதான் தப்பு.

ஆங்கிலத்தில் சொல்லித்தரும் விதிகள் தமிழுக்கும் பொருந்துமா?

பாதி பொருந்தும். பக்கத்தில் பக்கத்தில் இருப்பதைக் கண் ஒரு கூட்டமாக எடுத்துக்கொள்ளும். ஒரே மாதிரி இருப்பதை ஒரே இனமாகப் பார்க்கும். ஜெர்மன் உளவியலாளர் மாக்ஸ் வெர்தைமர் 1923-இல் இதையெல்லாம் விரிவாக எழுதினார். அது கண்ணைப் பற்றியது, எந்த மொழிக்கும் செல்லும். கடையின் தொலைபேசி எண்ணை முகவரிக்குப் பக்கத்தில் வைக்காமல் சாமி படத்துக்குப் பக்கத்தில் வைத்தால் யார் கண்ணுக்கும் அது முகவரியோடு சேராது.

மீதிப் பாதி எழுத்தையும் வாக்கியத்தையும் பற்றியது. அங்கே ஆங்கில அளவைத் தமிழுக்குப் போடுவது, அண்ணன் சட்டையைத் தம்பிக்கு மாட்டுவது போலத்தான். ஆங்கிலத்தில் ஒரு சொல்லைத் தூக்கிக் காட்ட பெரிய எழுத்து இருக்கிறது, சாய்வெழுத்து இருக்கிறது. தமிழில் பெரிய எழுத்து, சின்ன எழுத்து என்ற பிரிவே கிடையாது. சாய்வெழுத்தும் நம் மரபில் இல்லை. மென்பொருள் நேர் எழுத்தைத் தள்ளிச் சாய்த்துக் கொடுப்பதுதான் பெரும்பாலும் கிடைக்கும், அது காற்றில் சாய்ந்த வாழைமரம் போல இருக்கும். ஆக நமக்கு மிஞ்சுவது கனம், அளவு, நிறம், சுற்றியுள்ள வெற்றிடம் என்ற நான்கு. அது போதும். "கொட்டை எழுத்து" என்று நாம் சும்மாவா பெயர் வைத்தோம்?

இன்னொரு பெரிய வித்தியாசம் வாக்கியம். அதற்குத் தனியாகப் பதில் சொல்ல வேண்டும்.

"இங்கு வாகனம் நிறுத்தக் கூடாது" என்று பலகை வைத்தும் நிறுத்துகிறார்கள். பலகையில் என்ன குறை?

நிறுத்துபவர்கள் எல்லாரும் படிக்காதவர்களோ திமிர் பிடித்தவர்களோ இல்லை. ஆங்கிலப் பலகை "நோ" என்று ஆரம்பிக்கிறது; தடை முதல் சொல்லிலேயே வந்துவிடுகிறது. தமிழில் தடை கடைசியில் வரும். "இங்கு", "வாகனம்", "நிறுத்த" என்று மூன்று சொல் படித்த பிறகுதான் கூடுமா கூடாதா என்றே தெரியும். "நிறுத்தாதீர்" என்று எழுதினால் இன்னும் மோசம். "தா" என்ற ஒரே எழுத்தில் மொத்த விஷயமும் தொங்குகிறது. வண்டியில் வருபவர் சொல்லின் முதல் பாதியைத்தான் பிடிப்பார். அவர் மனதில் "வாகனம் நிறுத்த" என்பது வாகன நிறுத்துமிடமாகக்கூடப் பதியலாம்.

மொழியின் சொல்வரிசையை மாற்ற முடியாது, பலகையின் வரிசையை மாற்றலாம். நான் செய்வது: "கூடாது" என்பதைத் தனி வரியில், மற்றதைவிட இரண்டு மடங்கு பெரிதாக, தடித்த எழுத்தில் வைப்பேன். மேலே "வாகனம் நிறுத்தக்" என்பது சின்னதாக இருந்தாலும் பரவாயில்லை, கண் முதலில் "கூடாது"வில் இடித்துவிட்டுப் பிறகு மேலே போகும். வரியின் கடைசியில் "க்" தனியாக நிற்கிறதே என்று சிலர் அதை எடுத்துவிடச் சொல்வார்கள். எடுக்காதீர்கள், ஒற்று அது பாட்டுக்கு இருக்கட்டும். இன்னொரு வழி, சிவப்பு வட்டம், குறுக்குக்கோடு கொண்ட படத்தை இடப்பக்கம் வைப்பது. படிக்க ஆரம்பிக்கும் இடத்தில் தடை வந்துவிடும். படம் வலப்பக்கம் போனால் பாதிப் பயன் போய்விடும்.

வரியை எங்கே உடைக்கிறீர்கள் என்பதும் முக்கியம். "குப்பை கொட்டா" என்று ஒரு வரி, "தீர்கள்" என்று அடுத்த வரி போட்ட பலகைகளை ஊரெல்லாம் பார்க்கலாம். இடம் பத்தவில்லை என்றால் எழுத்தைச் சின்னதாக்குங்கள், இல்லையேல் வேறு சொல் தேடுங்கள். எதிர்மறைச் சொல்லை நடுவில் வெட்டாதீர்கள்.

கல்யாணப் பத்திரிகையில் எல்லாமே முக்கியம் என்கிறார்களே, என்ன செய்வது?

இதுதான் எல்லாவற்றிலும் கஷ்டமான வேலை. பத்திரிகை வாசகம் ஒரே வாக்கியம். நிகழும் மங்களகரமான இன்ன வருடம், இன்ன மாதம், இன்ன தேதி, இன்ன கிழமை, இன்ன நட்சத்திரம், காலை ஒன்பது மணிக்கு மேல் பத்தரை மணிக்குள், இன்னாரின் பேரனும் இன்னாரின் குமாரனுமாகிய என்று நீண்டு, மாப்பிள்ளை பெயர் ஒரு வழியாக வந்து சேரும். மறுபடி அதே போலப் பெண்ணுக்கு. அடைமொழி முன்னால், ஆள் பின்னால் என்பது தமிழ் வாக்கியத்தின் இயல்பு. அதோடு பெரியவர்கள் பெயரைச் சின்னதாகப் போட்டால் சம்பந்தி சண்டையே வரும். அதுவும் நியாயமான கவலைதான், பத்திரிகை என்பது தகவல் மட்டுமில்லை, மரியாதையும்கூட.

ஆனால் கிளம்புகிற அன்று காலை பத்திரிகையை எடுத்துப் பார்ப்பவருக்கு வேண்டியது எந்த மண்டபம், எத்தனை மணி என்ற இரண்டுதான். நான் வாசகத்தில் கை வைக்க மாட்டேன். அது குடும்பத்தினர் சொன்னபடியே, நிதானமாகப் படிக்கும் அளவில், ஒரே ஃபான்டில் இருக்கும். மணமக்கள் பெயர் மட்டும் பெரிதாக. அதற்குக் கீழே, நல்ல இடைவெளி விட்டு, தேதி, கிழமை, முகூர்த்த நேரம், மண்டபம், ஊர் ஆகியவற்றை நான்கு சிறு வரிகளாக மறுபடி போடுவேன். ஒரே செய்தி இரண்டு முறை வருகிறதே என்று ஆரம்பத்தில் கேட்பார்கள். முதல் முறை தாத்தாவுக்கு, இரண்டாம் முறை கார் ஓட்டுபவருக்கு என்று சொன்னால் ஒப்புக்கொள்வார்கள்.

வரவேற்பு முந்தின நாள் மாலை என்றால் அந்தத் தேதியைத் தனிக் கட்டத்தில் போடுங்கள். முகூர்த்தத் தேதியோடு ஒரே கட்டத்தில் போட்டால் யாராவது ஒருவர் ஒரு நாள் தள்ளி வந்து பூட்டிய மண்டபத்தைப் பார்ப்பார்.

எல்லா வரியையும் நடுவில் வைத்தால் பார்க்க நன்றாக இருக்கிறதே?

பத்திரிகைக்கும் நினைவுப் பலகைக்கும் சரி. அங்கே வரிகள் குறைவு. ஒன்றரைப் பக்கக் கடிதத்தையும் வலைப்பக்கத்தையும் நடுவில் வைத்தால் ஒவ்வொரு வரியும் வேறு இடத்தில் தொடங்கும். கண் ஒவ்வொரு தடவையும் வரியின் தலையைத் தேட வேண்டும். இடப்பக்கம் ஒட்டி வையுங்கள்.

அப்படியானால் இரு பக்கமும் சமமாக, ஜஸ்டிஃபை செய்யலாமா?

புத்தகம் அளவு அகலம் இருந்தால் செய்யலாம். குறுகிய பத்தியில் வேண்டாம். தமிழ்ச் சொற்கள் நீளமானவை. "படித்துக்கொண்டிருந்தவர்களுக்கெல்லாம்" மாதிரி ஒரு சொல் வரியில் இடமில்லாமல் அடுத்த வரிக்கு இறங்கினால், மேல் வரியில் மிச்சமிருக்கும் மூன்று சொற்களையும் மென்பொருள் இழுத்துப் பரப்பும். பத்தி முழுக்க ஓட்டை ஓட்டையாக இருக்கும். செய்தித்தாள்கள் இதற்கு ஒரு வழி வைத்திருந்தன: சொல்லை எந்த எழுத்திலும் உடைத்து, கோடுகூடப் போடாமல் அடுத்த வரியில் தொடர்வது. நமக்கு அது பழகியும் போயிருக்கிறது. ஆனால் அதிலும் ஒரு கட்டுப்பாடு உண்டு; புள்ளி வைத்த எழுத்தில் வரியைத் தொடங்கமாட்டார்கள். உங்கள் மென்பொருளுக்கு அந்த நாகரிகம் தெரியாது. வலப்பக்கம் மேடு பள்ளமாக இருக்கட்டும், விட்டுவிடுங்கள்.

எழுத்து எவ்வளவு பெரிதாக இருக்க வேண்டும்?

பலகைக்கு, பத்தடி தூரத்துக்கு ஓர் அங்குல உயரம் என்பது பலகை செய்பவர்களின் பழைய கணக்கு. முப்பதடி தூரத்திலிருந்து படிக்க மூன்று அங்குலம். ஆங்கில எழுத்துக்கு அது தாராளம். தமிழுக்கு ஒன்றரை மடங்கு வைத்துக்கொள்ளுங்கள் என்பேன். ஞ, ண, ன, ணு எல்லாம் உள்ளுக்குள் நிறையச் சுழி உள்ளவை, தூரத்தில் அந்தச் சுழி அடைத்துக்கொள்ளும். அளப்பதும் "க" உடம்பின் உயரத்தை. "கீ"யின் மேல் சுழியையும் "கூ"வின் வாலையும் சேர்த்து அளந்தால் ஏமாறுவீர்கள்.

அச்சில் 11 அல்லது 12 பாயின்ட், வயதானவர்கள் படிப்பதாக இருந்தால் 14. வலைப்பக்கத்தில் 16 பிக்சல் ஆங்கிலத்துக்குப் போதும், தமிழுக்கு நான் 18 வைக்கிறேன். வரி இடைவெளி எழுத்தளவைப் போல 1.6 மடங்காவது வேண்டும், ஏனென்றால் மேல் வரியின் "மூ"வும் கீழ் வரியின் "கீ"யும் முட்டிக்கொள்ளக் கூடாது.

தடித்த எழுத்தில் போட்டால் நன்றாகத் தெரியும் அல்லவா?

தெரியும், புள்ளி காணாமல் போகாதவரை. கனத்தை ஏற்றிக்கொண்டே போனால் மெய்யெழுத்தின் புள்ளி கீழே உள்ள எழுத்தோடு ஒட்டிவிடும். "பல் மருத்துவமனை" தூரத்திலிருந்து "பல மருத்துவமனை" ஆகும். ஓலைச்சுவடியில் எழுதியவர்கள் ஓலை கிழிந்துவிடும் என்று புள்ளியே வைக்காமல் எழுதினார்கள். படித்தவர்கள் இடம் பார்த்துப் புரிந்துகொண்டார்கள். அவர்களுக்கு நேரம் இருந்தது. பேருந்து ஜன்னலில் இருப்பவருக்கு இல்லை. புள்ளி பெரிதாகவும் எழுத்திலிருந்து விலகியும் இருக்கும் ஃபான்டைத் தேர்ந்தெடுங்கள்.

எந்த ஃபான்ட்?

இலவசமாகவும் உரிமச் சிக்கல் இல்லாமலும் வேண்டுமென்றால் நோட்டோ சான்ஸ் தமிழ், நோட்டோ செரிஃப் தமிழ், ஹிந்த் மதுரை, முக்த மலர், மீரா இனிமை ஆகியவை நீண்ட உரைக்குச் சரி. பலூ தம்பி தலைப்புக்கு நன்றாக இருக்கும், பத்திக்கு வேண்டாம். ஒரு ஆவணத்துக்கு இரண்டு ஃபான்ட் போதும். ஒரே ஃபான்டில் இரண்டு கனம் இருந்தால் இன்னும் நல்லது.

பழைய தோற்றத்துக்காக, யானைத் துதிக்கை போட்ட "லை", சுழித்த "னா" வரும் எழுத்தைக் கேட்பவர்கள் உண்டு. தமிழ்நாட்டில் எழுத்துச் சீர்திருத்தம் வந்தது 1978-இல். அதற்குப் பிறகு பள்ளிக்குப் போனவர்கள் அந்த வடிவங்களில் தடுக்கி விழுவார்கள். கடைப்பெயருக்குப் போடுங்கள், விலைப்பட்டியலுக்கு வேண்டாம்.

பலகையில் "கொ"வின் கொம்பு தனியாகவும் எழுத்து தனியாகவும் வந்துவிட்டது. ஏன்?

தமிழை எழுதும் வரிசையும் கணினி சேமிக்கும் வரிசையும் வேறு. எல்லா மொழி எழுத்துக்கும் பொதுவான கணினிக் குறியீடான யூனிகோடில் "கெ" என்றால் முதலில் க, பிறகு கொம்பு. திரையில் கொம்பை முன்னால் கொண்டுவருவது மென்பொருளின் வேலை. பழைய கோரல் டிரா போன்றவற்றுக்கும், சரியாக அமைக்காத ஃபோட்டோஷாப்புக்கும் அது தெரியாது. ஃபோட்டோஷாப்பில் தெற்காசிய மொழிகளுக்கான எழுத்தமைப்பைத் தேர்வு செய்ய வேண்டும். இன்டிசைனில் அதற்குப் பெயர் வேர்ல்ட் ரெடி கம்போசர். அப்படியும் முடியவில்லை என்றால்தான் பாமினி போன்ற, ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை வைத்த பழைய ஃபான்டுக்குப் போவார்கள். அதில் அச்சு சரியாக வரும், ஆனால் அந்த எழுத்தை வலைப்பக்கத்தில் ஒட்டினால் ஆங்கில எழுத்துக் குவியலாகத் தெரியும். தமிழ்நாடு அரசு யூனிகோடை ஏற்று ஆணை போட்டது 2010-இல். அப்புறமும் பல கடைகளில் பழைய பழக்கம் போகவில்லை.

தமிழ் தெரியாதவர் செய்யும் பலமொழிப் பலகைகளில் இது சர்வசாதாரணம். கோப்பு சரியாகப் போயிருக்கும், அச்சுக்கூடத்தில் உடைந்திருக்கும், அங்கே யாருக்கும் அது தப்பென்றே தெரிந்திருக்காது.

கடைப் பலகையில் தமிழும் ஆங்கிலமும் எப்படிப் பங்கு போடுவது?

தமிழ்நாட்டில் தமிழ், ஆங்கிலம், பிற மொழி 5:3:2 என்ற விகிதம், தமிழ் மேலே. விதியை விடுங்கள், வடிவமைப்பாகப் பார்த்தாலும் எனக்கு அது பிடிக்கும். மூன்றும் சம அளவில் இருந்தால் கண் எதிலும் நிற்காது. பிரச்சினை எங்கே வருகிறது என்றால், ஆங்கிலத்தில் ஐந்து எழுத்தில் வைத்த பெயரைத் தமிழில் எழுதும்போது நீளும். உடனே பக்கவாட்டில் அமுக்கி நுழைப்பார்கள். அமுக்கினால் சுழிகள் முட்டையாகி, நிற்கும் கோடு மட்டும் மெலிந்துவிடும். இரண்டு வரியாகப் போடுங்கள்.

மஞ்சளில் சிவப்பு எடுப்பாக இருக்கும் என்கிறார் ஃப்ளெக்ஸ் கடைக்காரர். சரியா?

கண்ணை இழுக்கும், படிக்க விடாது. எழுத்துக்கும் பின்னணிக்கும் உள்ள வெளிச்ச வித்தியாசத்தை விகிதமாகக் கணக்கிடும் முறை வலை அணுகல் வழிகாட்டியில் இருக்கிறது: சாதாரண எழுத்துக்குக் குறைந்தது 4.5:1, பெரிய எழுத்துக்கு 3:1. சுத்த மஞ்சளில் சுத்தச் சிவப்பு ஏறக்குறைய 3.7 வரும். அதே மஞ்சளில் கறுப்பு 19.5. ரயில் நிலையப் பெயர்ப்பலகை ஏன் மஞ்சளில் கறுப்பாக இருக்கிறது, ஓடுகிற வண்டியிலிருந்தும் ஏன் படிக்க முடிகிறது என்பது இப்போது புரியும். வெள்ளையில் சிவப்புகூட 4-ஐத்தான் தொடும். தலைப்புக்குச் சரி, பத்திக்கு வேண்டாம். நீலத்தில் சிவப்பு வெறும் 2.1. அதை வைத்துத் திருவிழா ஃப்ளெக்ஸ் அடித்தவர்களை எனக்குத் தெரியும், நானும் ஒருவன்.

நிறத்துக்கு இன்னொரு வேலையும் உண்டு, அடையாளம் சொல்வது. தேசிய நெடுஞ்சாலை மைல்கல்லின் தலை மஞ்சள், மாநில நெடுஞ்சாலைக்குப் பச்சை. ஊர் மாறினாலும் நிறம் மாறாததால்தான் அது பயன்படுகிறது. உங்கள் பக்கத்தில் சிவப்பு என்றால் எச்சரிக்கை என்று வைத்துவிட்டால், அழகுக்காக வேறு எங்கும் சிவப்பைத் தொடாதீர்கள். நிறத்தை மட்டும் நம்பவும் வேண்டாம். சிவப்பும் பச்சையும் பிரித்தறிய முடியாதவர்கள் நம்மிடையே நிறையப் பேர். கூடவே ஒரு சொல்லும் இருக்கட்டும்.

வலைப்பக்கப் பொத்தானில் "தேடு" என்று போடலாமா, "தேடவும்" என்றா?

"தேடு", "அனுப்பு", "சேமி" குட்டையானவை, பொத்தானுக்குள் அடங்கும். ஆனால் அறுபது வயதுக்காரரைப் பார்த்து "பணம் கட்டு" என்று ஒரு பக்கம் சொல்வது எனக்கு உறுத்துகிறது. "தேடவும்", "அனுப்பவும்" மரியாதை; கொஞ்சம் நீளம். "தேடுக", "அனுப்புக" இரண்டுக்கும் நடுவில், மரியாதையும் உண்டு, இடமும் மிச்சம். நான் இதைத்தான் பரிந்துரைப்பேன். எதை எடுத்தாலும் பக்கம் முழுக்க அதையே வையுங்கள். மேலே "தேடுக", கீழே "அனுப்பு" என்றிருந்தால் இரண்டு பேர் பேசுவது போல இருக்கும். பொத்தானின் அகலத்தை இறுக்கிக் கட்டாதீர்கள், சொல்லுக்கு ஏற்ப விரியட்டும்.

முழு அறிவிப்பையும் படமாகவே ஏற்றிவிட்டால் வேலை மிச்சம்தானே?

படத்துக்குள் இருக்கும் எழுத்தைப் பார்வையற்றோர் பயன்படுத்தும் திரைவாசிப்பான் படிக்காது, கைபேசியில் பெரிதாக்கினால் மங்கும், எண்ணை நகலெடுக்க முடியாது. படத்தோடு அதே செய்தியை எழுத்தாகவும் போடுங்கள். பக்கத்தின் மொழி தமிழ் என்று நிரலில் குறிப்பதும் முக்கியம், இல்லாவிட்டால் வாசிப்பான் தமிழை ஆங்கிலக் குரலில் படிக்கப் பார்க்கும்.

மனு, அலுவலகக் கடிதம் இதற்கெல்லாம் வடிவமைப்பு தேவையா?

அரசு அலுவலகக் கடிதத்தைக் கிண்டல் செய்கிறோம். ஆனால் அனுப்புநர், பெறுநர், "பொருள்", "பார்வை" என்ற அமைப்பு அருமையானது. எழுபது கோப்பு பார்க்கும் அதிகாரி "பொருள்" வரியை மட்டும் படித்தே எந்த மேசைக்கு அனுப்பலாம் என்று முடிவு செய்துவிடுவார். கெட்டுப்போவது அதற்குப் பிறகு வரும் பத்தியில்தான். கேட்பது என்ன என்பதைக் கடைசி வரியில் ஒளித்து வைக்காமல் முதல் பத்தியில் தனி வரியாகப் போடுங்கள். தொகைகளை அட்டவணையில் வலப்பக்கம் ஒட்டி எழுதுங்கள். 1,00,000-க்கு நேர் கீழே 10,000 வரும்போது ஒன்றாம் தானம் ஒன்றாம் தானத்தோடு சேர வேண்டும்.

கியூஆர் குறியை எவ்வளவு பெரிதாகப் போடுவது?

நிற்கும் தூரத்தில் பத்தில் ஒரு பங்கு. ஒரு மீட்டரிலிருந்து பிடிக்க 10 சென்டிமீட்டர். சுற்றிலும் வெள்ளை விடுங்கள்.

அச்சுக்கு அனுப்பும் முன் என்ன பார்க்க வேண்டும்?

கறுப்பு வெள்ளையில் ஒரு ஜெராக்ஸ் எடுங்கள். அதில் காணாமல் போகும் எழுத்து வெயிலிலும் காணாமல் போகும். பிறகு தாளைச் சுவரில் ஒட்டிவிட்டுப் பின்னால் நடந்து, கண்ணைப் பாதி மூடிப் பாருங்கள். எந்தச் சொல் மிஞ்சுகிறது? அதுதான் உங்கள் செய்தியா? அப்புறம், விஷயம் எதுவும் தெரியாத ஒருவரிடம் ஐந்து விநாடி காட்டி வாங்கிக்கொண்டு, என்ன படித்தீர்கள் என்று கேளுங்கள். என் வீட்டில் இந்த வேலை அம்மாவுக்கு. கண்ணாடி போடாமல் பார்ப்பார்.

பெயரையும் தேதியையும் கிழமையையும் நாட்காட்டி வைத்துச் சரிபாருங்கள். கோப்பை பி.டி.எஃப்-ஆக, ஃபான்ட் உள்ளே பதிந்ததாக அனுப்புங்கள், கூடவே சரியாகத் தெரியும் ஒரு ஸ்கிரீன்ஷாட்டையும் அனுப்பி "இப்படி வர வேண்டும்" என்று எழுதுங்கள். முதல் பிரதி வந்ததும் கொம்பு, கால், புள்ளி மூன்றையும் விரல் வைத்து எண்ணிப் பாருங்கள்.